அந்தோணிசாமி சார் மைக்கில் சொன்னது

அந்தோணிசாமி சார் இறந்த செய்தி எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் காலை இடைவேளையில் வந்தது. மணி அடிப்பதற்குள் குழுவில் எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள். நான் கைகூப்பவில்லை. மணமேல்குடியில் அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் கணக்கு ஆசிரியர். பதினோரு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். நினைவு மலருக்கு எழுத மறுத்தேன். தலைமையாசிரியை விடவில்லை. "ஒங்களுக்குத் தோணுறதையே எழுதுங்க சார்" என்றார்.

பிரான்சைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை ஒவ்வொரு ஜூலையிலும் அவர் வீட்டில்தான் பார்ப்போம். பள்ளி விட்டு நான் போவதற்குள் போனை டிவியோடு இணைத்து வைத்திருப்பார். முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கூட்டம் மிதித்துக்கொண்டே போனது. "மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு மொத எடத்துல இருக்கானே, அவன பாக்காதீங்க சார். அவனுக்கு முன்னால காத்த மறைச்சுக்கிட்டுப் போறான் பாருங்க, அவன பாருங்க" என்றார். அதன்பிறகு ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மனிதர் இரக்கமில்லாதவர். மலைச்சரிவில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து, சாலையோரம் உட்கார்ந்து அழுத ஒருவனைப் பார்த்து, "அழுவாச்சிப் பய, வீட்டுக்குப் போ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீரர்களுக்குக் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். கொடுப்பவரும் விடமாட்டார், வாங்குபவரும் விடமாட்டார். கார் அவரைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போகும். "எல்லாப் பயலும் செய்யிறதுதான். நடுவருக்கும் தெரியும்" என்று சிரிப்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரை பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் பந்தயம் நடந்தது. அவர்தான் நடுவர். பிளஸ் ஒன் படித்த என் மகள் கயல்விழியும் ஓட்டினாள். கோட்டைப்பட்டினம் தாண்டியதும் அவள் தண்ணீர் கேட்டாள். பைக்கில் கூடவே போன நான் பாட்டிலை நீட்டினேன். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. நான் வண்டியை முறுக்கினேன். பின்னால் ஜீப்பில் வந்த சார் பார்த்துவிட்டார்.

மீமிசலில் அவள் முதலாவதாக வந்தாள். சைக்கிளைப் பிடித்தபடி மூச்சுவாங்கி நின்றவளைக் காட்டி, சார் மைக்கில் சொன்னார்: "கயல்விழிக்குப் பரிசு கெடையாது. இந்தப் புள்ள மிதிச்சு வரல, அப்பன் இழுத்துட்டு வந்தாரு." கூட்டம் சிரித்தது.

நான் மேடைக்கே போனேன். "டிவியில பாத்துச் சிரிச்சீங்களே சார்?"

"அது அவங்க பொழப்பு. இது பள்ளிக்கூடம்."

"பரிசு குடுக்காதீங்க. தப்பு பண்ணுனவன் நான். அவ பேர எதுக்கு மைக்ல சொன்னீங்க?"

அவர் அடுத்த பெண்ணின் பெயரை வாசித்தார். கயல்விழி அதன்பிறகு சைக்கிளைத் தொடவில்லை.

இப்போது அவள் திருச்சியில் நர்ஸ். இறந்த செய்தியைச் சொன்னதும், "நான் வாரேன்ப்பா" என்றாள். "நீங்க முறுக்குனீங்க, நானும் விடாமப் புடிச்சேன். அவரு பொய் சொல்லலயே" என்றாள். அவள் வந்ததால் நானும் கல்லறைத் தோட்டம் வரை போனேன்.

சாரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் புள்ளய விசாரிச்சுக்கிட்டே இருப்பாரு சார்."

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே, அக்கா" என்றேன். சாவுக்குப் போன இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தைதான். சொன்னதற்கு வருந்தவில்லை.

நேர்மையானவர் என்று இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதட்டும். ஒரு பந்தயத்தை எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் அவர். அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. அது என் குற்றம். ஒரு பெண் பிள்ளையைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது அவர் குற்றம். கயல்விழி மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்.