விளம்பரம் இல்லாத இதழ்

கடத்தல் படகைத் துரத்திக்கொண்டு போன துப்பறியும் தனபால், நடுக்கடலில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் சத்துப்பானம் கலக்கிக் குடித்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அன்றைக்கு வந்த அளவுக்குக் கோபம், பிற்பாடு பெரிய மனிதர்கள் எனக்குச் செய்த பெரிய துரோகங்களுக்குக்கூட வந்ததில்லை.

அதுவரை நான் பொறுமையாகத்தான் இருந்தேன். மாதம் ஒருமுறை வரும் அந்தக் காமிக்ஸ் புத்தகத்தில் விளம்பரங்கள் முதலில் பின்னட்டையோடு நின்றிருந்தன. பிறகு உள்ளே வந்தன. தனபால் மொட்டைமாடியிலிருந்து குதிப்பான். அவன் பிழைத்தானா என்று பக்கத்தைத் திருப்பினால் ஒரு குடும்பமே பல் விளக்கிக்கொண்டு சிரிக்கும். அப்புறம் படங்களுக்குக் கீழே பட்டையாகப் பேன் மருந்து வந்தது. வில்லன் காலில் என்ன செருப்பு போட்டிருக்கிறான் என்பதே தெரியாமல் போயிற்று. அதையும் சகித்துக்கொண்டேன். ஆனால் கதாநாயகன் கையிலேயே டம்ளரைக் கொடுத்தால் யார்தான் சகிப்பார்கள்?

நான் தனியாகப் படித்திருந்தால் இரண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். நான் படித்ததோ ஊருக்கு. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி சாயங்காலம்தான் வரும். மணி கணக்கெல்லாம் கிடையாது, வந்தால் வந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகளுக்கு வேலை, வரிசையில் குடங்களை வைத்து அவற்றுக்குக் காவல் இருப்பது. கவிழ்த்த குடங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளுக்கு நான் தனபாலைச் சத்தம் போட்டு வாசிப்பேன். ஒவ்வொரு படத்தையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். எனக்குத் தொண்டை பெரிது என்று எங்கள் அம்மா வீட்டில் எதைக் குறையாகச் சொல்வாளோ, அதற்கு அந்த வரிசையில் மரியாதை இருந்தது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண், இரண்டாம் வகுப்பு படிப்பவள், எழுந்து நின்றே கேட்டுவிட்டாள்.

"அக்கா, அவன் தொரத்திகினு தானே போறான்? நடுவுல இன்னாத்துக்கு பாலு குடிக்கிறான்? திருடன் ஓடிட மாட்டானா?"

பிள்ளைகள் எல்லோரும் என்னமோ நானே தனபாலுக்குப் பால் கலக்கிக் கொடுத்ததுபோல என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தை மூடினேன். இதை இப்படியே விடப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. வெட்டி மிஞ்சும் நீளமான வெள்ளைத் துண்டுக் காகிதங்களை எனக்குக் கணக்குப் போடக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் இருப்பதிலேயே நீளமானதை எடுத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கதையின் குறுக்கே விளம்பரம் போடுவது அநியாயம் என்றும், தனபால் வேலை நேரத்தில் எதையும் குடிக்கக் கூடாது என்றும், அடுத்த மாதமே இதை நிறுத்தாவிட்டால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம் என்றும் எழுதினேன். சும்மா இல்லாமல் என்ன செய்வோம் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒருத்தி எழுதினால் மதிப்பார்களா? கையெழுத்து வேண்டும். மறுநாள் வரிசையில் பிள்ளைகள் எல்லோரும் போட்டார்கள். எழுத வராதவர்கள் பூ வரைந்தார்கள். அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பின்னால் நின்ற எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, மனுவா? எங்க குடு, நானும் போடறேன்."

எங்கள் தெருவில் தண்ணீர் வரிசையில் ஒரு காகிதம் சுற்றி வந்தால் அது தண்ணீருக்கான மனுதான். வேறு எதுவாகவும் இருந்ததே இல்லை. அதனால் அதைப் படித்துப் பார்க்கும் வழக்கமும் யாருக்கும் இல்லை. வாங்குவார்கள், போடுவார்கள், அடுத்தவளிடம் கொடுப்பார்கள். அத்தைக்குப் பிறகு அவள் ஓரகத்தி போட்டாள். அதற்குப் பிறகு வரிசையே போட்டது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "தண்ணி கலீஜா வருது, கொழந்தைக்கு வாந்தி" என்று சேர்த்தும் எழுதினாள்.

இது காமிக்ஸ் புத்தகத்துக்கு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. காகிதம் நிறைந்துகொண்டே போவதைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். நியாயமான போராட்டத்துக்கு ஆள்பலம் முக்கியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டேன்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் "மனு இன்னா ஆச்சு பாப்பா?" என்று அத்தை கேட்பாள். "வந்துகினே கீது" என்று நான் சொல்வேன். அது பொய் இல்லை, ஏனென்றால் அடுத்த இதழில் பதில் வந்துவிட்டது. வாசகர் கடிதங்களுக்கு நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். "காலடிப்பேட்டை வாசகிக்கும் உடன் கையெழுத்திட்ட அனைவருக்கும்: உங்கள் கோபம் நியாயமானது. அடுத்த இதழ் முதல் எந்த விளம்பரமும் உங்களைத் தொந்தரவு செய்யாது. குடிநீர் விஷயத்தில் எங்களால் உதவ இயலாததற்கு மிகவும் வருந்துகிறோம். - ஆசிரியர்."

அதைக் குடத்தின் மேல் ஏறி நின்று வாசித்தேன். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். கடைசி வரியைக் கேட்டு அத்தை மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"பாத்தியா, புக்குக்காரனும் கைய விரிச்சிட்டான். அவனாச்சும் வருத்தப்படறானே, அதச் சொல்லு."

அடுத்த மாத இதழைக் கடையிலிருந்து வீடு வரை ஓடிக்கொண்டே புரட்டினேன். ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். பல் விளக்கும் குடும்பம் இல்லை, பேன் மருந்து இல்லை. பின்னட்டையில்கூட தனபால்தான் முழு உயரத்துக்கு நின்றான். புத்தகம் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருந்தது. விளம்பரத்தை எடுத்தால் ஒல்லியாகத்தானே ஆகும்? அதைவிட, வருஷக்கணக்கில் யார் கையிலும் சிக்காமல் ஓடிக்கொண்டிருந்த கடத்தல் தலைவனைத் தனபால் அந்த இதழில் எட்டே பக்கத்தில் பிடித்து விலங்கு மாட்டிவிட்டான். வழக்கமாகத் 'தொடரும்' என்று இருக்கும் இடத்தில் 'முற்றும்' என்று போட்டிருந்தது. குறுக்கே யாரும் வராவிட்டால் அவன் எவ்வளவு வேகமாக வேலை செய்வான் பாருங்கள் என்று வரிசையில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன்.

ராத்திரி சாப்பிடும்போது மாமாவிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கதையைப் பார்க்காமல், பக்கத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முதுகில் இருக்கும் கம்பியைப் பார்த்தார். முன்னும் பின்னும் ஒருமுறை புரட்டினார்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல மாமா. நான் எழுதுனதாலதான்."

"இந்தத் தபா காயிதம் வேற கீது" என்றார். அதற்குமேல் என்னமோ சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேஷ்மே. பெரிய ஆளுதான் நீ" என்று என் தலையில் தட்டினார். "ஒரு நாளு குடு, எத்துனு போயி எத்துனு வரேன்" என்று வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் கெட்டி அட்டை போட்டு, முதுகில் சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, பைண்டு பண்ணிக் கொண்டுவந்தார். என் வெற்றிக்குப் பரிசு என்று நினைத்தேன். மற்ற இதழ்களுக்கும் இப்படிப் போட்டுத் தரச்சொல்லி அவரை நச்சரித்தேன். "இது ஒண்ணு போதும்மே" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மட்டரகக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்ததுமே, இதுதான் கடைசி இதழ் என்று தெரிந்துவிட்டது. அது தெரிய எனக்கு இன்னும் பதினைந்து வருஷமும் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலையும் தேவைப்பட்டன. எந்த விளம்பரமும் வாசகி சொன்னாள் என்று போவதில்லை. விற்காத புத்தகத்தை விட்டு அவை தாமாகவே முதலில் இறங்கிவிடும். நான் கடிதம் எழுதியபோது அவர்களிடம் மிச்சம் இருந்ததே அந்தப் பேன் மருந்தும் பல்பொடியும் சத்துப்பானமும்தான். அந்த டம்ளரைத் தனபால் கையில் கொடுக்க அந்த ஆசிரியருக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு முகம் சுருங்குகிறது. நாங்களோ எங்கள் தெருவில் இருபது வாசகர்கள், வாங்கியது ஒரே ஒரு பிரதி. அதை இருபது பேருக்கும் வாசித்துக் காட்டியவள் நான். மூடப்போகிற கடையில் உட்கார்ந்து கடைசிப் பதில்களை எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர், நீதான் ஜெயித்தாய் என்று ஒரு பத்து வயதுப் பெண்ணை நம்பவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நன்றி சொல்ல எனக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கடைக்காரர் "வரல பாப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் விடுவேனா? மாமாவிடம் இன்னொரு நீளக் காகிதம் வாங்கி, காரணம் சொல்லாமல் புத்தகத்தை நிறுத்துவது அநியாயம் என்று இரண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை அத்தையிடம் இது புத்தகத்துக்குத்தான் என்று உண்மையைச் சொன்னேன். அவள் அதற்கும் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் அது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது. ஆள் இல்லாமலா எனக்குப் பதில் போட்டார்கள், தபால்காரர் சரியாகத் தேடியிருக்கமாட்டார் என்று திட்டிவிட்டு, புது உறை வாங்கி, விலாசத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி, மறுபடியும் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.