கதையில் கொல்வது சுலபம்

நான் செல்போன் ஆப்பில் தொடர்கதை எழுதுகிறேன். ராஜா, மந்திரவாதி, பேசும் புலி, அந்த வகை. முன்பு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையும் பார்த்தேன். அம்மா படுத்த பிறகு அதை விட்டுவிட்டேன். இப்போது வெள்ளானூர் வீட்டில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு அத்தியாயம் போட்டேன். சாகாவரம் வாங்கிய அரசி ஒருத்தி. பிள்ளைகள், பேரன்கள், அவர்களுடைய பேரன்கள் எல்லோரையும் புதைத்துவிட்டாள். என்னைக் கொன்றுவிடு என்று தளபதியின் காலில் விழுகிறாள். அவன் அழுதுகொண்டே மந்திர வாளை இறக்குகிறான். அவள் உடம்பு மல்லிகையாக உதிர்கிறது. படித்தவர்கள் எல்லாம் "அழுதுட்டேன் அக்கா", "இதுதான் உண்மையான கருணை" என்று எழுதி இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாளுக்கு ஒரு வரி, கண்ணீருக்கு ஒரு வரி, வேலை முடிந்தது. கதையில் வரும் கிழவிகளுக்குப் படுக்கைப் புண் வராது. பீத்துணி மாற்ற வேண்டாம்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. விழுங்கவும் முடியாது. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார் டாக்டர். அதனால் மூக்கில் குழாய், அதன் வழியாகக் கஞ்சி. அசைகிற ஒரே கையால் அந்தக் குழாயை அம்மா பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறாள். பழைய புடவைத் துணியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டிலோடு கட்டியிருக்கிறேன். பெற்றவளைக் கட்டி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, இன்னும் இய்த்துகினு கீதா? மண்ணாசை வுடல அதுக்கு. மண்ணக் கரைச்சி வாயில ஊத்து, போய்டும்."

"எந்த மண்ண ஊத்துறது? அதுக்கு ஏது மண்ணு? காலம் பூரா ஊரான் கழனியில நாத்து நட்டுச்சு."

"அந்தக் கயனிலர்ந்து ஒரு புடி எட்துகினு வாயேன்."

"அதுல அடுக்குமாடி கட்டிட்டான். செக்யூரிட்டி உள்ளயே வுட மாட்டான்."

"எங்கம்மா சாவறதுக்குன்னு சொல்லு. அவனே வாரிக் குட்துடுவான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

நேற்று உடம்பு துடைக்கக் கையை அவிழ்த்தபோது மறுபடியும் குழாயைப் பிடுங்கிவிட்டாள். வழக்கமாக வந்து குழாய் மாட்டும் நர்ஸை வரவழைத்தேன். "கையக் கெட்டியா பிடிச்சுக்கங்கக்கா" என்றாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நர்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நானும் ஒரு தளபதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வரைதான் தாங்கியது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அம்மா அதைச் சப்பினாள். விடாமல் சப்பினாள். எடுத்தால் உதடு அதைத் தேடிக்கொண்டு வந்தது. சாக நினைக்கிற வாய் அப்படிச் சப்புமா? இல்லை, வாய்க்கு ஒரு ஆசை, அவளுக்கு வேறு ஆசையா? யாரைக் கேட்பது? நர்ஸுக்குப் போன் போட்டு, உடனே வா என்று கத்தினேன்.

குழாயை ஏற்றும்போது அம்மாவின் கையை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்றுதான். கஞ்சி இறங்கியது.

நர்ஸ் போன பிறகு கையைக் கட்டினேன். இந்த முறை முடிச்சுப் போடவில்லை. துணியைச் சும்மா சுற்றி விட்டேன். ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். அம்மாவுக்கும் அது தெரியும்.

அடுத்த பாகம் எப்போது என்று ஆப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.