ஆற்றுக்கடியில் லவாலுக்கு ஒரு புதன்கிழமை

2007 மே மாதம், புதன்கிழமை காலை 9.40. கோட்-டெ-நெய்ஜில் மகள் வீட்டிலிருந்து நானும் என் மனைவி வேதவல்லியும் கிளம்பினோம். மாண்ட்ரியால் மெட்ரோ ஆற்றுக்கு அடியில் புகுந்து, எதிர்க்கரையிலுள்ள லவால் நகரத்துக்கு ஓடத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. புதிய பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சம், மூன்று நிலையங்கள். அரசுப் பேருந்துக் கழகமொன்றில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டவன் நான். மகள் நயாகரா பார்க்கக் கூப்பிட்டபோதுகூட இவ்வளவு வேகமாக நான் சட்டை மாற்றவில்லை.

அழைப்பு என்னவோ வேதவல்லிக்குத்தான். வீட்டருகே பேருந்து நிறுத்தத்தில் அவளுக்கு ஒரு சினேகிதி கிடைத்திருந்தாள். தவமணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மலைச்சரிவிலுள்ள மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை, வீடு லவாலில். புதன்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். லவாலில் வீட்டு வாடகை குறைவு என்று குடும்பங்கள் அங்கே போய்விட்டன, வேலை இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது, மெட்ரோவைக் கொண்டுவரச் சொல்லிப் பல வருடம் கேட்டோம் என்று அவர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"முந்தி என்ர மனுசன் காரில ஏத்தி இறக்கினாத்தான் நான் வேலைக்குப் போகலாம், மரக்கறி மூட்டை மாதிரி. இப்ப நானே போறன், நானே வாறன். அவருக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை," என்று கூப்பிட்ட அன்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா வராட்டிலும் காரியமில்லை. அம்மா தனிய வரட்டும். ஜான்-டலோனில மாறினா அஞ்சாவது ஸ்டேஷன்," என்றார்.

அவளுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை என்று நான்தான் பதில் சொன்னேன். வேதவல்லி கைப்பையின் பித்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

9.55. கோட்-டெ-நெய்ஜ் நிலையம். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு இரண்டே முக்கால் டாலர். நீல வழித்தடத்தில் வண்டி வந்து நின்றது. இதற்கு ரப்பர் சக்கரங்கள்! இரும்பின் அலறல் இல்லை. புறப்படும்போது மூன்று சுரம் ஒலிக்கிறது, யாரோ நாதஸ்வரத்தைச் சரிபார்ப்பதுபோல. கதவு திறந்து மூடும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தேன். இருபது நொடிகூட இல்லை. எங்கள் ஊரில் நடத்துனர் விசில் ஊதுவதற்குள் இங்கே அடுத்த நிலையமே வந்துவிடும். எதிரே ஒரு பெண் தாதியர் உடையில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு மாணவன் நின்றுகொண்டே பாடம் படித்தான். எந்த வேலைக்கு எந்த நேரத்தில் ஆள் வேண்டுமோ அந்த நேரத்தில் வண்டி ஓடுகிறது. ஊர் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும் என்று நான் பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுத்ததுண்டு. வேதவல்லியிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தேன்.

10.15. ஜான்-டலோன். லவால் போகும் ஆரஞ்சு வழித்தடத்துக்கு மாற வேண்டும். வண்டிக்குச் சில நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் வேதவல்லி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"லவால்காரங்க மெட்ரோ கேட்டாங்க, குடுத்துட்டாங்க. உங்க ஆபீஸ்ல அப்ப ஏங்க மாட்டேன்னாங்க?"

1979இல் அவளுக்கு மதுராந்தகத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம், நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர். காலை 8.10 பேருந்தில் படிக்கட்டில் ஆண்கள் தொங்குவார்கள், பெண்கள் ஏறவே முடியாது. அந்த வழியில் வேலைக்குப் போகும் ஆசிரியைகளும் தாதிகளுமாகப் பதினொரு பேர் 8.30க்கு ஒரு பேருந்து கேட்டு மனுக் கொடுத்தார்கள். மேலதிகாரிகள் மறுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். இத்தனை வருடமும் அவள் அதை நம்பினாள்.

அந்த மனு என் மேசையைத் தாண்டி எங்கும் போகவில்லை. பேருந்தும் இருந்தது, ஓட்டுநரும் இருந்தார். பெண்டாட்டிக்காக பஸ் விட்டான் என்று அலுவலகத்தில் பேசிவிடுவார்களே என்று பயந்தேன். நேர்மையானவன் என்ற பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. "போதிய பயணிகள் இல்லை" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு வந்தவர் ஒரே வாரத்தில் அந்தப் பேருந்தை விட்டார். முதல் நாளிலிருந்தே நிரம்பி ஓடியதாம். வேதவல்லி வேலையில் சேர வேண்டிய கெடு அதற்குள் எப்போதோ முடிந்துவிட்டது.

அந்தப் பெஞ்சில் இதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"மத்த பதினோரு பேரு என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். நான் விசாரித்ததே இல்லை.

வண்டி வந்தது. அவள் எழுந்து முதலில் ஏறினாள். நானும் காலை வைக்கப் போனபோது உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க அடுத்த வண்டியில வாங்க."

கதவு மூடியது. கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றபடி அவள் போனாள். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, கையில் தொலைபேசி இல்லை. அடுத்த வண்டிக்கு ஏழு நிமிடம். காலமெல்லாம் பிறரைக் காக்கவைத்தவனுக்கு அது நீண்ட நேரம்தான். ஆனால் வெட்கத்தோடு ஒரு பரபரப்பும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவள் இந்நேரம் கிரெமாசி நிலையம் தாண்டியிருப்பாள், சோவே வந்திருக்கும், இப்போது ஆற்றுக்கடியில் போவாள் என்று அவளுடைய வண்டியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

10.40. கார்த்தியே நிலையம், லவால். படி ஏறி வெளியே வந்தேன். வெயிலில் தவமணியும் வேதவல்லியும் நின்றிருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் போகும்போது காது அடைத்ததை வேதவல்லி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டு வெகுநாளாயிற்று.

"ஐயாவும் எப்பிடியோ வந்து சேந்திட்டார்," என்றார் தவமணி. வேதவல்லி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

சாப்பிட்டோம். மாலை 4 மணிக்கு நிலையத்துக்குத் திரும்பியபோது என்னிடமிருந்த பயணச்சீட்டுகளில் ஒன்றை அவள் வாங்கிக்கொண்டாள். திரும்பும்போதும் தனியாகத்தான் போவதாகச் சொன்னாள். சரி என்றேன்.

ஊரில் அவளுக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் பேருந்தை மறுத்தவன் நான். இங்கே, அவள் ஏறிய வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகு, இந்த முறை காத்திருப்பது நானாக இருக்கட்டும் என்று மூன்று வண்டிகளைப் போகவிட்டேன். மூன்றிலும் உட்கார இடம் இருந்தது. நான்காவதில் ஏறினேன்.