பின்சக்கரம் மட்டும் ஏன் சுடுது

கிட்ட வந்து உக்காருங்க. பக்கத்துல இரும்பு அடிக்கிற கம்பெனி, தள்ளி உக்காந்தா நான் பேசுறது பாதிதான் காதுல விழும். பிரேக்கு வேலையில ரெண்டு பயம் உண்டு. ஒண்ணு நிக்காத வண்டி, இன்னொண்ணு நவராத வண்டி. நிக்காத வண்டிக்கு ஊரே பயப்படும். நவராத வண்டி என்ன பாடு படுத்தும்னு, வண்டி வச்சு அவதிப்படுற உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்துல ஷெட்டு போட்டு எனக்குத் தலை நரைச்சாச்சு. எத்தனையோ வண்டி வந்துச்சு போச்சு. இந்த ஜீப்பு மட்டும் மனசை விட்டுப் போகல.

ஊர் ஜீப்பு

கொண்டாந்தவன் தேசப்பன். பழவேற்காடு ஏரிப் பக்கம் மீன் பிடிக்கிற குப்பம். ஊரே சேர்ந்து வாங்கின ஜீப்பு, நாலு சக்கரமும் இழுக்கும், பின்னாடியும் டிஸ்க் பிரேக்கு. விடியக்காலையில அதைப் பின்பக்கமா தண்ணிக்குள்ள இறக்கி மீன் கூடை ஏத்துவாங்க, கரையேறாத படகைக் கயிறு கட்டி இழுப்பாங்க. அதே ஜீப்புலதான் தேசப்பன் தன் சம்சாரம் செல்வியை டயாலிசிஸுக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். மழை பிடிச்சுட்டா அந்த மணல் பாதையில வேற வண்டி எதுவும் போகாது.

பின்சக்கரம் ரெண்டும் கிட்ட கை கொண்டுபோக முடியாத சூடு. பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் பிரேக்கு விடலைன்னான். செல்வி கூடவே வந்திருந்துச்சு. கால் வீங்கி, செருப்பு பாதிதான் நுழைஞ்சிருந்துது. மொதல்ல நீ உக்காரும்மான்னு ஸ்டூலை நகர்த்தினேன். "நான் குந்துறது இருக்கட்டும் நைனா. அத்த பாரு. அது தான் என்னிய தூக்கினு போவணும்."

நிப்பிளைத் திறந்தேன்

ஜாக்கி வச்சுத் தூக்கிச் சக்கரத்தைச் சுத்தினா அசையல. ஏர் எடுக்குற நிப்பிளைத் தளர்த்தினேன். பிரேக் ஆயில் உள்ள அடைச்சுக்கிட்டு அழுத்துதுன்னா, இதைத் தளர்த்தினதும் சக்கரம் விட்டுடும். ஆயில் வழிஞ்சுது, சக்கரம் விடல. அப்ப கோளாறு ஆயில் வர்ற டியூபுல இல்ல, காலிப்பர்ல. சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுற இடுக்கி மாதிரி சாமான் அது. முன்ன பின்ன நகர அதுக்கு ரெண்டு பின்னு, பின்னுக்கு ரப்பர் உறை. கழட்டிப் பார்த்தா பின்னு இறுகிக் கிடக்கு, ரப்பர் உப்பிக் கிடக்கு. இதுல எதாவது தடவுனீங்களான்னு தேசப்பனைக் கேட்டேன், ஒண்ணும் இல்லன்னான்.

தேய்ச்சு எடுத்து, அதுக்குன்னு இருக்குற கிரீஸைத் தடவி, ரப்பர் எல்லாம் புதுசு போட்டேன். சக்கரம் ஒத்தை விரலுக்குச் சுத்துச்சு. பக்கத்து வெல்டிங் ஷெட்டு பாஷா பாய் எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "உப்புத் தண்ணி அண்ணாத்தே. இரும்பு தான் அதுக்கு நாஷ்டா." நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பாதி வழியில

மழை ஆரம்பிச்சதும் ஜீப்பு திரும்ப வந்துச்சு. பின்னு இறுகியிருக்கு, ரப்பர் உப்பியிருக்கு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு இழுக்குதோன்னு அதையும் கழட்டி விட்டு, ரப்பரையும் மாத்தி அனுப்பினேன். அடுத்த மழையில, ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கிற மணல் பாதை நடுவுல, பின்சக்கரம் கவ்வி நின்னுடுச்சு. ஆள் ஓடி, படகு கொண்டாந்து, செல்வியைப் படகுல ஏத்தி அக்கரை சேர்த்து, ஆட்டோ பிடிச்சுப் போறதுக்குள்ள அதோட டயாலிசிஸ் முறை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. இன்னொரு மெஷின் காலியாகுற வரைக்கும் படுக்க முடியாம, சுவத்தைப் பிடிச்சு உக்காந்து மூச்சு வாங்குச்சாம்.

மறுநாள் தேசப்பன் வந்து என் பெஞ்சுல உக்காந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். எழுந்து போறப்ப சொன்னான்: "அவ மூச்சு வாங்கசொல்ல நான் சக்கரத்த ஒதச்சிக்கினு நின்னேன் நைனா. வேற இன்னா பண்றதுனு தெர்ல."

என்ன குடிச்சது

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. செல்வியும் வந்துச்சு. கழட்டின ரப்பரைத் தட்டுல போட்டேன். போட்டுக் கொஞ்ச நாளே ஆன ரப்பர், அதுவும் உப்பிப் போயிருக்கு. உப்புத் தண்ணிம்மா, என்ன பண்றதுன்னேன். "முன் சக்கரமும் அதே பாதையில தான போவுது. அது ஏன் புடிக்கல?"ன்னு கேட்டுச்சு. செல்வி ஒரு ரப்பரை எடுத்து, டாக்டருங்க அதோட காலை அமுக்குற மாதிரி கட்டை விரலால அமுக்குச்சு. "என் காலு மாதிரியே ஊதிக்கினு கீது. நான் ஊதிக்கினு போனா டாக்டரம்மா மொதல்ல கேக்குறது, இன்னா குட்ச்சன்னு தான். இது இன்னாத்த குட்ச்சிது?"

மூக்குகிட்ட கொண்டு போச்சு. ஆயிலிலேயே ஊறின மூக்கு எனக்கு, எதுவும் தெரியாது. செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நம்ம போட்டு ஆயிலு"ன்னுச்சு. படகு எஞ்சினுக்கு ஊத்துற ஆயில். அவங்க குப்பத்துல உப்புத் தண்ணி பட்ட இரும்பைத் தொடைக்காம எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். நங்கூரமோ எஞ்சின் நட்டோ, கரையேறினதும் ஆயில் துணியால ஒரு தடவு. தண்ணிக்குள்ள இறங்குறது ஜீப்போட பின்பக்கம் மட்டும்தான். டிஸ்க்குல மட்டும் படாம, மத்த இடமெல்லாம் ஆள் ஆளுக்குப் பாசமா தடவியிருக்காங்க. அந்த ஆயில் பிரேக் ரப்பருக்கு ஆகாது, குடிச்சுக் குடிச்சு ஊதிடும். ஏம்பா, எதாவது தடவுனீங்களான்னு மொத நாளே கேட்டேனேன்னேன். தேசப்பன் தலையைச் சொறிஞ்சான். "அத்த போயி எவன் சொல்லுவான் நைனா? மூஞ்சி கழுவுறத சொல்லிக்கினா கீறோம்?"

மடியில இருந்தது

எல்லாத்தையும் கழுவி, திரும்பவும் புது ரப்பர் போட்டேன். குப்பத்துல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, எல்லாரும் தலையாட்டியாச்சுன்னு தேசப்பன் சொன்னான். எனக்கு நம்பிக்கை வரல. யாரைக் கோவிச்சுக்கிறது? செல்வியைத் தூக்கிட்டுப் போற வண்டியாச்சேன்னு தடவினவங்க.

மழை விடாத ஒரு நாள், ஆஸ்பத்திரி முடிச்சு நேரா இங்க வந்தாங்க. பின்சக்கரத்துல கை வச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. பின் சீட்டுல செல்வி. மடியில, கரையில ஜீப்பு நிக்கிற இடத்துக் கம்பத்துல எப்பவும் தொங்குற ஆயில் டப்பா, துணியோட. ஆஸ்பத்திரிக்குமா எடுத்துட்டுப் போனேன்னேன். "சொன்னா கேட்டுக்குறானுங்க நைனா, மறுநாளு மறந்துட்றானுங்க. அதான் தூக்கினு வந்துட்டேன்."

பிரேக்கு வேலையில பாதி, பிரியமா தடவினதைத் தொடைச்செடுக்குற வேலைதான். ஆயில் தடவக் கூடாதுங்கிறது எனக்கும் மறந்துடும்னு நெனச்சோ என்னவோ, கிளம்புறதுக்கு முன்னால செல்வி இறங்கி வந்து, சக்கரத்துப் பக்கத்துல நான் வச்சிருந்த ஆயில் டப்பாவை அந்த வீங்கின காலாலேயே பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டுட்டு, ஏறி உக்காந்துச்சு.