உதிரிப்பாகம் வராத கிழமையில் வல்லைவெளி

வல்லைவெளி பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கோ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வழி எனக்கு நன்றாகவே தெரியும். 1993 ஆவணியில் என் அக்காவை உடுப்பிட்டியில் இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த வழி அது. அவவுக்கு எட்டு மாதம். பிள்ளை குறுக்கே கிடக்குது, இரண்டு கிழமைக்குள் கொண்டுபோங்கோ என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தா. அத்தான் கொழும்பில் அகப்பட்டு நின்றார்.

காலை ஐந்தரைக்கு இணுவிலில் சைக்கிள் எடுத்தேன். கோப்பாய், நீர்வேலி, அவரங்கால், வல்லை என்று பதினான்கு கட்டை, அதாவது மைல். எட்டு மணிக்கு உடுப்பிட்டி. பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடும் வாடகை வான் ஆயிரம் ரூபாய் கேட்டது. ஆரிட்டை இருக்கு? கரியரில் தலகணி கட்டினேன்.

"பொழுதுபட்டாப் பிறகு போவம் தம்பி. வல்லை வெட்டையிலை, குண்டு போடுற பொம்மர் கண்டால் ஒதுங்க ஒரு மரம் இல்லை," என்றா அக்கா.

"பொம்மர் எங்கை வாறது? பிளேன் வித்த நாடு உதிரிச் சாமான் குடுக்க மாட்டன் எண்டிட்டுதாம். எல்லாம் பழுதாகி நிக்குதாம். ரேடியோவிலை கேட்டனான்."

கரண்டும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிக் கேட்ட செய்தி, பொய்யாகுமா? ஒரு கிழமையாக வானமும் சும்மாதான் கிடந்தது. ஓர் ஆணிக்கும் கடல் கடந்து கையேந்துகிற அரசாங்க விமானப்படை என்று ஊரெல்லாம் நக்கலடித்தோம். பெரிய கெட்டித்தனம்.

ஒன்பதரைக்கு வல்லைப் பாலம் தாண்டினோம். எதிரே வந்த மீன்காரர் சைக்கிளை நிறுத்திக் காது குடுத்தார்.

"என்ன சத்தம் அண்ணை?"

"உது பழைய பிளேன் இல்லைத் தம்பி. வேறை எங்கையோ வாங்கியிருக்கிறாங்கள். விழுந்து படுங்கோ."

சைக்கிளை விட்டுவிட்டு அக்காவை வாய்க்காலுக்குள் இழுத்தேன். அவ வயிறு அடிபட விழுந்தா. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. எங்கள் மேல் ஒரு மண்கட்டிகூடப் படவில்லை.

மீன்காரரும் நானும் அக்காவைக் கரியரில் இருத்தி, மாறி மாறிச் சைக்கிளை உருட்டி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வரப் பகல் இரண்டு மணி. பெண் பிள்ளை. மூச்சு இல்லை.

ஒரு நாடு விற்காவிட்டால் இன்னொரு நாடு விற்கும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம், எனக்கு விளங்கவில்லை. பறக்கிறதுக்கு அவர்கள் வெளிநாட்டானை நம்பினார்கள்; உயிரோடு இருக்கிறதுக்கு நாங்களும் அதே வெளிநாட்டானைத்தான் நம்பினோம். இரண்டு பக்கத்தையும் அவனுக்குத் தெரியாது.

இப்போது யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் எடுத்தால் முக்கால் மணித்தியாலத்தில் வல்லை. விடியப் போங்கோ. தண்ணீர் கொண்டுபோங்கோ, அந்த வெளியில் கடை இல்லை. என்னைத் துணைக்குக் கூப்பிடாதையுங்கோ.

அக்காவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. பகலில் போவம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதை இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதும் இல்லை.