எந்த போமுக்கு எந்தப் பசை

குஷன் தொழிலில் தப்பு செய்கிறவன் ஒருவன், அதன்மேல் உட்காருகிறவர் வேறொருவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெக்சினும் போமும் விற்று, சீட்டும் தைத்துக்கொடுக்கிற கடை வைத்தேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரே பசை, டின்னில் வரும் ரப்பர் சொல்யூஷன். மூடியைத் திறந்தால் பக்கத்து டீக்கடைக்காரர் தும்முவார். யார் எதை ஒட்டக் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டுவேன். இந்த வேலை பார்த்து, விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இனி வருவது எதுவும் புதிதாக இருக்காது.

கல்யாணப் பலகை

செல்லையா வாத்தியார் மகளுக்குச் சபை ஹாலில் கல்யாணம். மேடையில் வைக்க, தெர்மகோல் பலகையில் பொண்ணு மாப்பிள்ளை பெயர்களைத் தெர்மகோல் எழுத்தாகவே வெட்டி வைத்திருந்தார். ஒட்டப் பசை கேட்டு முந்தின நாள் காலையில் வந்தார். தெர்மகோலும் போமும் ஒரே குடும்பம்தானே என்று நினைத்து, அரை டின் சொல்யூஷனைக் கொடுத்தேன். மத்தியானமே பலகையோடு திரும்பி வந்தார். பசை பட்ட இடமெல்லாம் தெர்மகோல் கரைந்து, கரையான் அரித்தது போல ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது.

உடனே மரக்கடைக்குப் போய், தச்சர்கள் வாங்குகிற வெள்ளைப் பசையை வாங்கிவந்தேன். புதுப் பலகையும் புது எழுத்தும் வெட்டி, லேசாகத் தடவி, நகராமல் இருக்கக் குண்டூசி குத்தினேன். காய ரொம்ப நேரம் எடுத்தது. ஆனாலும் மறுநாள் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாத்தியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மகள் பெயர் ஜெபராணி என்று இருந்த பலகையை என்னிடம் கொடுத்தபோது இவ்வளவுதான் சொன்னார்: "'ராணி' போயிருச்சு தம்பி, 'ஜெப' மட்டும் மிச்சம் இருக்கு. இப்பதைக்கு நம்மால அதுதான் பண்ண முடியும்."

காயாத சீட்டு

ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவ வேண்டும். விரல் வைத்தால் விரலில் வராத பதத்துக்குக் காயவிட்டு, அப்புறம்தான் அமுக்க வேண்டும். இது தெரிந்த பிறகும் ஒரு தடவை கெட்டேன். திருச்சுழி போகிற ஒரு தனியார் பஸ்ஸுக்கு எல்லா சீட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வண்டித் தகுதிச் சான்று வாங்க எப்.சி.க்குப் போக நேரமாகிறது என்று டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆறு சீட்டுக்குப் பசை ஈரமாக இருக்கும்போதே ரெக்சினை இழுத்து அமுக்கிவிட்டேன்.

அது சித்திரை மாதம். உள்ளே மாட்டிக்கொண்ட பசையின் ஆவி வெயிலில் கிளம்பி, ரெக்சின் பூரி போல உப்பியது. போமும் பலகையை விட்டு நழுவியது. ஒரு வாரம் கழித்துக் கண்டக்டர் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, டிரைவர் பிரேக்கு போட்டா பஸ்ஸு நிக்குது, சீட்டு நிக்க மாட்டேங்குது. பஸ்ஸுக்கு முன்னாடி அது திருச்சுழி போயிரும் போல."

தறிச் சத்தம்

விசைத்தறி வைத்திருந்த ஒருவர், பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள், சுவர் முழுக்க போம் ஒட்டித் தாருங்கள் என்றார். சுவர் சுண்ணாம்பு அடித்த சுவர். நான் போமைப் பார்த்தேன், பசையைப் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மொத்தமும் பாய் சுருண்டது போலக் கீழே கிடந்தது. போமின் முதுகில் சுண்ணாம்பு ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பசையில ஒரு குத்தமும் இல்லண்ணாச்சி. எங்க சுவருதான் பின்னாடியே வந்துருச்சு."

மேரி டீச்சர்

மேரி டீச்சருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிபர் மாட்டி நடப்பார். காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. தொடைப் பட்டை உரசுகிறது, உள்ளே மெல்லிசாக போம் வைத்துத் தாருங்கள் என்று வந்தார். சொல்யூஷன் தோலில் பட்டு எரியுமோ என்று பயந்து, வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பயப்படாமல் போட்டு நடங்கள் என்று தைரியமும் சொன்னேன்.

நாலு நாளில் நொண்டிக்கொண்டு வந்தார். வேர்வையில் பசை ஊறிக் கரைந்து, போம் சுருண்டு, அது உரசித் தொடை புண்ணாகியிருந்தது. லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்களாம். அழாமல்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலையில் தருகிறேன் என்று காலிபரை வாங்கிக்கொண்டேன். டீச்சரை அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். இந்தத் தடவை நேராக ஒட்டவில்லை. ஒரு தோல் துண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகப் பெட்ரோலில் துடைத்தேன். சொல்யூஷனை மெல்லிசாக இரண்டு தடவை பூசி, காயவிட்டு, போமை அமுக்கினேன். நெடி போகும்வரை காற்றில் தொங்கவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் அதை என் தொடையில் கட்டிக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் பாலவநத்தம் ரோட்டில் நடந்தேன். வேர்வையில் வேட்டியே நனைந்தது. துண்டு பிரியவில்லை, தோலும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் காலிபரைத் தொட்டேன். அதை ஞாயிறு முழுக்க நிழலில் காற்றாடத் தொங்கவிட்டேன்.

திங்களன்று வாங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு நாளும் காரியாபட்டி பஸ் வந்து நிற்கும்போது, இறங்குகிறவர்களில் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். ஒரு மாதம் கழித்து, வேறு எதற்கோ பஜாருக்கு வந்தவரை நானே கூப்பிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னார்: "கால்னு ஒண்ணு இருக்குங்கிற நெனைப்பே இல்லண்ணே. அதான் வந்து சொல்லணும்கிறதும் மறந்துபோச்சு."

இத்தனை வருஷத்தில் எது எதோடு ஒட்டாது என்பதை நன்றாகவே கற்றுக்கொண்டேன். எது ஒட்டும் என்று கேட்டால் மட்டும் இன்றைக்கும், ஒட்டிப் பார்க்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.