பாறையில் என் இடம்

எங்கள் ஊரின் புல்கூரை வீடுகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் வெயில் நாளாகப் பார்த்துத்தான் மலையேறுவார்கள். ஐப்பசி மழையில் வந்து அந்தக் கூரைக்குக் கீழே ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும் என்று அவர்கள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒழுகாத இடம் அடுப்படி மட்டும்தான். அதனால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் சிமெண்ட் வீடு கேட்டு மனு எழுதியதே நான்தான்.

ஆனால் பாறையை யார் கேட்டார்கள்?

ஊர் நடுவில் பாய் விரித்ததுபோல் பரந்து கிடக்கும் பாறை அது. அதுதான் எங்கள் களம். சாமையைக் கொண்டுவந்து போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கோடு கிடையாது, கால்களுக்குத் தெரியும். என் இடம் கிழக்கு ஓரத்தில், லேசாகக் குழிந்திருக்கும். மார்கழிக் காலையில் மாடுகளைப் பிணைத்துக் கதிர்மேல் சுற்றவிடும்போது கொம்புகள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் பனிக்குள் இருக்கும். கதிர்க்கட்டில் சாய்ந்து அந்தக் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது. வெயில் ஏறிய பிறகு பாறை மெல்லச் சூடாகி முதுகுக்கு இதமாக இருக்கும். உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றும் நேரம் அது ஒன்றுதான்.

மனுவைப் பார்த்துவிட்டு ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கதிர் போடுவதானாலும் பெரிய காரியம் பேச உட்கார்வதானாலும் எங்கள் ஊரில் முதலில் பாறையைச் சாணியால் மெழுகிவிடுவோம். நான்தான் ஆளைக் கூட்டி, மூலை முடுக்கு விடாமல் மெழுகவைத்தேன். அவர் பைக்கை நிறுத்தினார், பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லியே, எடத்த நீங்களே ரெடி பண்ணி வெச்சிட்டீங்க."

டேப்பைப் பிடித்து அளந்தார். சுண்ணாம்புத் தூளால் ஈர மெழுகல்மேல் கட்டம் கட்டமாகப் பன்னிரண்டு வீடு போட்டார். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். வந்த விருந்தாளி சாப்பிடுவதற்குமுன் அவரிடம் இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது. சாப்பிடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் ஒரு பிடி பிடித்தார். கை கழுவியதும், பனி இறங்குகிறது என்று சொல்லி பைக்கில் ஏறிப் போயேவிட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் என்மேல்தான். மெழுகச் சொன்னவள் நான்தானே.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், பாறை எங்கள் களம், அதில் வீடு வேண்டாம் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப வேற எடம் காட்டுங்கம்மா. பட்டா சரியா இருக்கணும், ரோட்டோரமா இருக்கணும். இல்லன்னா இந்த வருஷம் வூடு வராது."

அப்படி ஓர் இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. என் சாமைக் கொல்லை.

நான்கு நாள் அந்தக் கொல்லையையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஊரில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"குடுக்கறதுன்னா குடு. ஆனா அப்பறம் பாறைக்கு இன்னாத்த எடுத்துனு போவ?"

ஆனாலும் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு ஊரார் சேர்ந்து மேட்டில் ஒரு நிலம் கொடுத்தார்கள். கல்லுக்கரடு அது, புளிங்கன்றுதான் நட முடிந்தது. காய்க்க வருஷக்கணக்காகும்.

இப்போது சிமெண்ட் வீட்டில் இருக்கிறேன். ஒழுகவில்லை. முதல் மழையில் தலைக்குமேல் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு சொட்டு விழவில்லை. சந்தோஷத்தில் விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். அதில் பொய் சொல்ல மாட்டேன். படுக்கை இருக்கும் இடத்தில்தான் முன்பு என் சாமை நன்றாகக் கதிர் பிடிக்கும். சில நாள் கண்ணை மூடினால் கீழே ஏதோ அசைவதுபோல இருக்கும்.

மார்கழி வந்தது. பாறை முழுக்கச் சாமைக் கட்டுகள். கிழக்கு ஓரம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இடம் போதாமல் பக்கத்து இடத்துக்காரி கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாளே தவிர, என் குழிவுக்குள் ஒரு கதிர்கூட வைக்கவில்லை.

நான் சாணி கரைத்து எடுத்துப்போய் அந்த இடத்தை மெழுக ஆரம்பித்தேன். அவள் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, உனுக்குத்தான் சாமை இல்லியே. எதுக்கு மெழுகுற?"

"ஒன் கட்டெல்லாம் இப்படி எறக்குடி, காயட்டும்" என்றேன்.

அவள் இறக்கவில்லை. தன் சாணி வாளியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபாதியை மெழுகத் தொடங்கினாள்.